அதிகாரியும் அவர் கேட்கும் கேள்வியும்

வேலையில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த ஒருவர், அந்தப் பெயரின் பலத்தாலேயே மேலதிகாரியாக உயர்த்தப்பட்டு, உயர்ந்த சில மாதங்களுக்குள்ளாகவே தாமும் சோர்ந்து தம்முடைய பகுதியையும் சோர்வடையச் செய்துவிடுகிற காட்சியை, கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகளிலும் சென்னையை அடுத்த மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலைகளிலும் நான் பல தடவை கண்டிருக்கிறேன். அவருடைய சாமர்த்தியத்தில் ஒரு குறைவும் இராது. உழைப்போ முன்னைவிட இரட்டிப்பாகியிருக்கும். காலை எட்டு மணிக்கு ஆலைக்குள் நுழைந்தவர் இரவு ஒன்பதானாலும் வெளியே வரமாட்டார். ஆயினும் உற்பத்தி குறையும்; நல்ல ஆட்கள் ஒவ்வொருவராக வேறிடம் பார்த்துக்கொண்டு போவார்கள்; எஞ்சியவர்கள் எதற்கெடுத்தாலும் அவர் வாயைப் பார்த்து நிற்பார்கள். எந்தக் குணம் ஒருவரை உயர்த்தியதோ அதே குணம் உயர்ந்தபின் அவருக்கு இடையூறாக வந்து நிற்கும் இந்த நிலைமையில் அவருக்குத் துணை நிற்பதுதான் என் தொழில். கம்பெனிகளில் இதை எக்ஸிக்யூட்டிவ் கோச்சிங் என்கிறார்கள். என்னையும் கோச் என்றே அழைக்கிறார்கள்.

இதில் வகுப்பு கிடையாது, கரும்பலகை கிடையாது, முடிவில் கொடுக்கும் சான்றிதழும் கிடையாது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம், கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் பேசுவோம். இப்படி ஆறு மாதமோ கொஞ்சம் கூடவோ நடக்கும். இடையில் அவர் நடத்தும் மீட்டிங்குகளில் ஒரு மூலையில் உட்கார்ந்து கவனிப்பேன். அவரோடு ஆலையைச் சுற்றி வருவேன். அவர் தொழிலை அவருக்குக் கற்றுக்கொடுக்கும் யோக்கியதை எனக்கு இல்லை, அது என் வேலையும் அன்று. அவர் செய்வதை அவரே பார்க்கும்படி செய்வதும், வேறு விதமாகச் செய்து பார்க்கத் தைரியம் ஊட்டுவதும், செய்து பார்த்ததை அடுத்த தடவை விசாரிப்பதும் ஆகிய இவ்வளவே நான் செய்வது.

இந்தத் தொழிலின் வம்சாவளியைச் சொல்லுகிறவர்கள், டென்னிஸ் கற்பித்த டிமோதி கால்வே 1974-இல் எழுதிய புத்தகத்தையும், மோட்டார்ப் பந்தய வீரராக இருந்து பின்பு இத்துறைக்கு வந்த ஜான் விட்மோர் 1992-இல் எழுதியதையும், 1995-இல் அமெரிக்காவில் தோன்றிய சர்வதேச கோச் சம்மேளனத்தையும் குறிப்பிடுவது வழக்கம். ஆட்டக்காரனுக்கு ஓயாமல் உத்தரவு கொடுப்பதைக் காட்டிலும் பந்தை அவன் ஊன்றிக் கவனிக்கும்படி செய்தால் ஆட்டம் தானே திருந்தும் என்று கால்வே கண்டது பெரிய விஷயந்தான். ஆனால் எனக்கு அதைவிடப் பழைய மரபு ஒன்றிலேயே பற்று அதிகம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவசாலிகள் போர்முனைக்குப் போய்விட, அதுவரை லேத்தைக் கண்ணால்கூடக் கண்டிராத ஆண்களும் பெண்களும் வேலைக்கு வந்து சேர, அவர்களை நடத்திச் செல்லச் சூப்பர்வைசர்களை அவசரமாகத் தயார் செய்யவேண்டி வந்தது. 1940-இல் அதற்கென்று ஆரம்பிக்கப்பட்ட டி.டபிள்யூ.ஐ. என்னும் பயிற்சித் திட்டம், யுத்தம் முடிந்த 1945-க்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தயார் செய்தது. வேலையைக் கற்பிப்பது, வேலை முறையைச் செப்பனிடுவது, ஆட்களோடு பழகுவது என்று மூன்று பாடங்கள். ஒவ்வொன்றும் பத்து மணி நேரத்தில் முடியும். பின்னால் அது ஜப்பானுக்குச் சென்று அந்நாட்டுத் தொழிற்சாலைகளில் ஆழமாக வேரூன்றியது.

அந்த மூன்றாம் பாடத்தில் சூப்பர்வைசர் அனுஷ்டிக்க வேண்டியவையாகச் சொல்லப்பட்டவை நான்கு. வேலை எப்படி இருக்கிறது என்பதை ஒவ்வொருவருக்கும் தெரிவிக்கவேண்டும். பாராட்ட வேண்டியதை உரிய சமயத்தில் பாராட்டவேண்டும். ஒருவரைப் பாதிக்கக்கூடிய மாறுதலை அவருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். ஒவ்வொருவரிடத்திலும் உள்ள திறமையை முழுவதும் பயன்படுத்தவேண்டும். எண்பது வருஷங்களுக்கு முன் ஒரு சிறு அட்டையில் அச்சிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளக் கொடுத்த இந்த நான்கையும், இன்று லட்சக்கணக்கில் செலவழித்து ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் நடத்தப்படும் தலைமைப் பயிற்சிகள் தாண்டிச் சென்றிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நான்கையும் அறியாத அதிகாரியை நான் கண்டதில்லை. தொடர்ந்து செய்கிற அதிகாரியையோ தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அறிந்தும் ஏன் செய்ய முடிவதில்லை என்பதை ஒரு பஞ்சாலையில் நான் பிரத்தியட்சமாகப் பார்த்தேன். டெக்ஸ்டைல் டிப்ளமா முடித்துச் சூப்பர்வைசராகச் சேர்ந்து, ஷிப்ட் ஆபீசர், ஸ்பின்னிங் மாஸ்டர் என்று படிப்படியாக ஏறி, அப்போதுதான் ஜெனரல் மானேஜர் ஆகியிருந்தவர் அவர். ரிங் ஃபிரேம் ஓடும் சத்தத்தைக் கொண்டே எந்த ஃபிரேமில் ஸ்பிண்டில் டேப் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடும் காது அவருக்கு இருந்தது. நான் அவரோடு நடந்து சென்ற அன்று, நாற்பதாம் நம்பர் நூல் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஃபிரேமின் கடைசியில் வரிசையாக இழைகள் அறுந்துகிடந்தன. அந்தப் பக்கத்தைக் கவனிக்கும் சைடர் பெண் மறுகோடியிலிருந்து வந்து சேர்வதற்குள் இவர் குனிந்து, பாபினை எடுத்து, நுனியைக் கண்டுபிடித்து, டிராவலர் என்னும் சிறு உலோக வளையத்தில் கோத்து, ஒரு சொடுக்கில் இழையைச் சேர்த்துவிட்டார். ஒன்றல்ல, அடுத்தடுத்து நான்கைந்து. விரல்கள் வேலை செய்த அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. பின்னால் ஷிப்ட் ஆபீசர் கைகளைப் பின்புறம் கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணும் வந்து, செய்வதற்கு ஒன்றுமின்றி, ஒதுங்கி நின்றாள்.

நிமிர்ந்தவர் ஷிப்ட் ஆபீசரைப் பார்த்து, “இந்த ஃபிரேம்ல ஏன் இத்தனை அறுப்பு வருது?” என்று கேட்டார். ஷிப்ட் ஆபீசர் வாய் திறப்பதற்குள், “டிராவலர் தேஞ்சு போச்சு. இன்னைக்கே மாத்திருங்க” என்றார். “சரிங்க சார்” என்று பதில் வந்தது. நாங்கள் மேலே நடந்தோம்.

பிற்பகல் டீ நேரத்தில் அந்த ஷிப்ட் ஆபீசரைத் தனியே சந்திக்க நேர்ந்தது. டிராவலரை மாற்றியாயிற்றா என்று கேட்டேன். மாற்றிக்கொண்டிருப்பதாகவும், ஆனால் போன வாரந்தான் அவை புதிதாகப் போடப்பட்டவை என்றும், அந்த மூலையில் ஈரப்பதம் குறைகிறது, ஈரக்காற்று அனுப்பும் பிளான்ட்டில் நாஸில் அடைத்திருக்கவேண்டும் என்று தாம் இரண்டு நாளாக நினைப்பதாகவும் அமைதியாகச் சொன்னார். அதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

“சார்தான் காரணம் சொல்லிட்டாருங்களே” என்றார். அவர் குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப்போலச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

ஒருவர் என்னிடம் தனியே சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடாது என்பது இத்தொழிலின் முதல் நியமம். ஒரு தடவை அதை மீறினவன் அந்த ஆலைக்குள் மறுபடியும் உண்மையைக் கேட்க முடியாது. ஆகவே ஜெனரல் மானேஜரிடம் ஈரப்பதத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அடுத்த சந்திப்பில், அவர் அன்று காலையில் கேட்ட கேள்விகளை மட்டும் நான் எழுதிவைத்திருந்தபடி வாசித்தேன்; ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னவர் யார் என்று கேட்டேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் தாமே சொன்னதாக ஒப்புக்கொண்டார். “நாளையிலிருந்து ஒரே ஒரு கேள்விக்கு மட்டும், அவங்க பதில் சொல்ற வரைக்கும் நீங்க பேசாம நின்னு பாருங்களேன்” என்றேன்.

“பதில் எனக்குத் தெரியறப்ப சும்மா நிக்கிறது எப்படிங்க? நேரம் போகுதுங்களே” என்றார் அவர். இது வீம்புக்குச் சொன்னது அன்று; இருபது வருஷ உத்தியோகம் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. சூப்பர்வைசராக இருந்தபோது பதில் சொன்னதற்காகவே பாராட்டப்பட்டவர், ஷிப்ட் ஆபீசராக இருந்தபோது எல்லோருக்கும் முந்திப் பதில் சொன்னதற்காகவே உயர்த்தப்பட்டவர், இன்று பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நிற்பதை வேலை செய்யாமல் சம்பளம் வாங்குவதற்குச் சமானமாக எண்ணுவது சகஜம். இந்த இடத்தில்தான் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். அவர் போகவில்லை.

பதினைந்து நாள் கழித்து வந்தபோது நான் கேட்கு முன்பே அவர் ஆரம்பித்தார். மறுநாளே அதே ஃபிரேமுக்கு முன்னால் நின்று, டிராவலர் மாற்றியும் அறுப்பு ஏன் குறையவில்லை என்று கேட்டாராம், கேட்டுவிட்டு நின்றாராம். ஷிப்ட் ஆபீசர் தரையைப் பார்த்தார், ஃபிரேமைப் பார்த்தார், பிறகு இவர் முகத்தைப் பார்த்தார். இவர் பேசுவார் என்று காத்திருந்திருக்கவேண்டும். இவர் பேசவில்லை. அப்புறந்தான் அவர் தயங்கித் தயங்கி நாஸிலைப் பற்றிச் சொன்னார். போய்ப் பார்த்ததில் அவர் சொன்னபடியே அடைத்துக் கிடந்தது. இதைச் சொல்லிவிட்டு ஜெனரல் மானேஜர் வெகுநேரம் சும்மா இருந்தார். பிறகு, “இந்த மாதிரி இன்னும் எத்தனை அவருக்குத் தெரிஞ்சிருக்கும், நான் கேக்காம விட்டிருப்பேன்” என்றார். ஆறு மாத காலத்தில் அவருக்கு நான் செய்யக்கூடிய உதவியில் பெரும்பகுதி அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

அதற்குப் பின் அவர் இழை சேர்ப்பதையும் நிறுத்தினார். அது இன்னும் கஷ்டமாக இருந்ததாம். குழந்தை தானே உண்ணப் பழகும் நாட்களில் பாதிச் சோறு தரையில்தான் சிந்தும். அதற்காக ஊட்டிக்கொண்டே இருக்கும் தாய் உண்டோ? கீழே உள்ளவர்கள் தாமாக யோசித்துத் தாமாக முடிவெடுக்கப் பழகும் சில வாரங்களில் வேலை சற்று மந்தப்படும், தவறுகளும் நேரும். அந்தச் சில வாரங்களைத் தாங்கிக்கொள்ள மேலே இருப்பவருக்கு மனம் வரவேண்டும். மேலே இருப்பவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறாரே, அவருக்கும் வரவேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன்.

ஆட்கள் பேசாமலிருப்பதை ஒழுங்கு என்று எண்ணி மகிழும் அதிகாரிகள் நம்மிடையே அதிகம். பாஸ்டன் நகரத்துப் பேராசிரியை ஏமி எட்மண்ட்ஸன், ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராயப் புகுந்து, நன்றாக நடத்தப்படும் வார்டுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கோ நேர்மாறாக வந்தது. நல்ல தலைமை உள்ள வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. தவறு அங்கே அதிகமாக நேர்ந்ததால் அன்று, நேர்ந்ததை அஞ்சாமல் சொல்ல முடிந்ததால் என்பது பிறகு விளங்கிற்று. 1950-இல் ஜப்பானியருக்குத் தரக்கட்டுப்பாடு பற்றி உபந்நியாசம் செய்த டெமிங்கும் தம்முடைய பதினான்கு விதிகளில் ஒன்றாகத் தொழிற்சாலையிலிருந்து பயத்தை விரட்டுவதை வைத்தார். புள்ளிவிவர நிபுணரான அவர் பயத்தைப் பற்றிப் பேசவேண்டிய அவசியம் என்ன என்று யோசித்துப் பார்க்கவேண்டும்: பயந்தவன் எழுதிக் கொடுக்கும் எண்கள் பொய்யாக இருக்கும், பொய்யான எண்களை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கும் போட முடியாது. அவர் பெயரால் 1951 முதல் வழங்கப்படும் பரிசை, 1998-இல் இந்தியாவிலேயே முதலாவதாக, சென்னைப் பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் கம்பெனி பெற்றது. இன்னும் சில தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகள் அதைத் தொடர்ந்தன. மெஷினில் நிற்கும் தொழிலாளி தம் யோசனையை எழுதிக் கொடுப்பதும், அதற்கு மேலிருந்து பதில் வருவதும் நம் மண்ணில் நடக்காத காரியமல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அதிகாரிக்குத் தம்மைப் பற்றிப் பிறர் நினைப்பதை அறிவிக்க இப்போது பெரிய கம்பெனிகளில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மேலுள்ளவர், சமமானவர், கீழுள்ளவர் ஆகிய எல்லோரிடமும் பெயர் குறிப்பிடாமல் அபிப்பிராயம் எழுதி வாங்கித் தொகுத்துக் கொடுப்பார்கள்; த்ரீ சிக்ஸ்டி என்று சொல்வார்கள். அந்த அறிக்கையை முதன்முதலாகப் படிக்கிறவர் பக்கத்தில் நான் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் குவாலிட்டி பகுதிக்குத் தலைவராக இருந்த ஓர் அம்மையார், நல்லதாக எழுதப்பட்டிருந்த பக்கங்களை விரைவாகப் புரட்டிவிட்டு, மீட்டிங்கில் யாரையும் பேசி முடிக்க விடுவதில்லை என்று எழுதியிருந்த ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்திக்கொண்டார். “இது யார் எழுதினதுன்னு எனக்குத் தெரியும் சார்” என்றார். அநேகமாக எல்லோருமே அந்த இடத்தில் சொல்லும் வார்த்தைதான் அது.

“தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க, மேடம்?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அன்று அதோடு நிறுத்திக்கொண்டு, அறிக்கையை வீட்டுக்குக் கொண்டுபோய் ஓரிரவு தூங்கி எழுந்து மறுபடியும் படிக்கச் சொன்னேன். இது நான் எல்லோருக்கும் சொல்லுவது. முதல் வாசிப்பில் மனம் சண்டை போடும், எழுதினவனைத் தேடும். இரண்டாம் வாசிப்பில்தான் எழுதப்பட்டிருக்கும் விஷயம் கண்ணில் படும்.

அடுத்த சந்திப்புக்கு அவர் ஒரே ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்தார்: பிறர் பேச்சில் குறுக்கிடுவது. பத்து விஷயங்களைத் திருத்திக்கொள்ளப் புறப்படுகிறவர் ஒன்றையும் திருத்திக்கொள்வதில்லை என்பதால் ஒன்றுக்குமேல் எடுக்க நான் சம்மதிப்பதுமில்லை. இந்த இடத்தில் மார்ஷல் கோல்ட்ஸ்மித் என்ற அமெரிக்கக் கோச் பிரசித்தமாக்கிய முறை ஒன்று மிகவும் பயன்படுகிறது. மாற விரும்புகிறவர் தம்மோடு வேலை செய்கிறவர்களிடம் ஒவ்வொருவராகச் சென்று, அபிப்பிராயம் எழுதியதற்கு நன்றி சொல்லி, தாம் இந்த ஒன்றை மாற்றிக்கொள்ள விரும்புவதாகத் தெரிவித்து, இனிமேல் என்ன செய்யலாம் என்று இரண்டு யோசனைகள் கேட்கவேண்டும். நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசக்கூடாது. சொல்லுகிற யோசனைக்குச் சமாதானமும் சொல்லக்கூடாது. எழுதிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வரவேண்டும். சில மாதம் கழித்து அதே மனிதர்களிடம் மாறுதல் தெரிகிறதா என்று கேட்கவேண்டும். தாம் மாறிவிட்டதாகத் தமக்குத் தோன்றுவதால் பிரயோஜனமில்லை, கூட இருப்பவர் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அது மாறுதல் என்ற இந்த நியாயத்தை நான் பூரணமாக ஏற்றுக்கொள்கிறேன். அந்த அம்மையாருக்கு மிகப் பயனுள்ள யோசனையைச் சொன்னவர், அவர் யாரைச் சந்தேகித்தாரோ அவரேதான்: மீட்டிங்கில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, சொல்ல வாய் வரும்போதெல்லாம் அதை எழுதிக்கொள்ளுங்கள், மற்றவர் முடித்ததும் பாருங்கள், பாதியைச் சொல்லவேண்டிய தேவை இராது என்றாராம். அப்படியே ஆயிற்று.

எல்லாரையும் இந்த வழியில் திருத்திவிடலாம் என்று நான் நம்புவதில்லை. லஞ்சம் வாங்குகிறவரையும், கீழே வேலை பார்க்கும் பெண்களிடம் முறைகேடாக நடக்கிறவரையும் விசாரணைக்குத்தான் அனுப்பவேண்டும். கோச்சிடம் அனுப்புவது பாதிக்கப்பட்டவர்களுக்குச் செய்யும் அநியாயம். தூக்கமில்லாமல், சாப்பிடப் பிடிக்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பவருக்கு முதலில் வேண்டியவர் டாக்டர். வேலையை விட்டு நீக்குவதாக முன்னமே தீர்மானித்துவிட்டு, எல்லா முயற்சியும் செய்து பார்த்தோம் என்று ஃபைலில் எழுதுவதற்காக ஒருவரை அனுப்பினால், அந்த வேலையை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஹெச்.ஆர். பகுதியிலிருந்து, உள்ளே என்ன பேசினீர்கள் என்று விசாரிக்கிறவர்களுக்கு, ஒப்புக்கொண்ட குறிக்கோள் எந்த அளவில் இருக்கிறது என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

அதிகாரியோடு உட்கார்ந்து அவர் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1974-இல் லார்ஸன் அண்ட் டூப்ரோ கம்பெனி தன் அதிகாரிகளை மதிப்பிடும் முறையை ஆராயும்படி ஆமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்களான உதய் பரீக், டி. வி. ராவ் இருவரையும் அழைத்தது. மதிப்பிடுவதோடு நில்லாமல், மேலதிகாரி தம் கீழுள்ளவரோடு உட்கார்ந்து அவர் வளர்ச்சியைக் குறித்துப் பேசுவதையும் நிர்வாகத்தின் கடமையாக்கவேண்டும் என்று அவர்கள் வகுத்துக் கொடுத்தார்கள். மனிதவள மேம்பாடு என்று இன்று வழங்கும் துறைக்கு இந்நாட்டில் வித்திட்டது அது. அரை நூற்றாண்டு ஆகியும், வருஷாந்திர அப்ரைசல் பல இடங்களில் மார்க் போட்டுக் கையெழுத்து வாங்கும் சடங்காகவே நிற்கிறது. காரணம் அதிகாரிகளின் சுபாவம் மட்டுமல்ல; அவர்களுக்கும் மேலே இருப்பவர்களின் வழக்கமும் காரணம். மேலே நான் சொன்ன பஞ்சாலை ஜெனரல் மானேஜருக்கு இரவு பத்து மணிக்கு முதலாளியிடமிருந்து தினந்தோறும் டெலிபோன் வரும்: இன்று எத்தனை கிலோ, எந்த ஃபிரேம் நின்றது, ஏன் நின்றது? ‘நாளைக்கு விசாரித்துச் சொல்லுகிறேன்’ என்று பதில் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு ஃபிரேமின் கதையையும் இரவுக்குள் தாமே தெரிந்துவைத்திருக்க வேண்டியவர், பகலில் எவரையும் யோசிக்க விட்டு எப்படிக் காத்திருப்பார்? முதலாளியிடம் இதை மூவரும் இருந்த சந்திப்பில் அவர் வாயாலேயே சொல்லச் செய்தேன். முதலாளி நல்ல மனிதர். டெலிபோனை வாரம் ஒரு தடவையாக மாற்றிக்கொண்டார். அதன் பிறகுதான் ஃபிரேமுக்கு முன்னால் நின்ற அந்த மௌனம் நிலைத்தது.

ஆகவே, தம்முடைய அதிகாரிகளைப் பயிற்சிக்கு அனுப்ப எண்ணும் முதலாளிகளையும் எம்.டி.க்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். முதல் சந்திப்புக்கு நீங்களும் வந்து உட்காருங்கள். அந்த மனிதரிடம் நீங்கள் எதிர்பார்ப்பதை அவர் முகத்துக்கு நேரே, என் முன்னிலையில் சொல்லுங்கள். அவர் மாறுவதற்காக நீங்கள் எதை விட்டுக்கொடுப்பீர்கள், எந்தக் கேள்வியை அவரிடம் கேட்காமல் இருப்பீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாவிட்டால், பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தை வேறு நல்ல காரியத்துக்குச் செலவிடுங்கள்.